டவர் படுத்த ராத்திரியில் 108-ஐ எப்படிக் கூப்பிடுவது?



ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் அவசர உதவி எண்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. 112, 108, 100, 101, 1077. நல்ல காரியம்தான், அனுப்புங்கள். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்த எண்களை அழுத்தும் நேரத்தில் போனில் சிக்னலே இல்லாவிட்டால்?

பதிவு கொஞ்சம் நீளம். பழைய சயின்ஸ் வகுப்பு என்று நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அவசர உதவி இன்று செல்போன் என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது. புயல் நாளில் முதலில் வழுக்குவதும் அந்தக் கால்தான். இன்னொரு காலை ஊன்றுவது பாதி அரசாங்கத்தின் வேலை, பாதி நம் வேலை. இரண்டுமே பெரிய செலவில்லாமல் முடியக்கூடியவை.

2024 நவம்பர் 30-ஐ புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் அன்று இரவு நம் ஊர் அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் பரவாயில்லை, நகராமல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் ஐந்தடி அளவுக்குத் தண்ணீர் ஏறி, சென்னையிலிருந்து ராணுவம் வந்து வீடு வீடாக ஆட்களை மீட்டது. தண்ணீர் நிற்கும்போது மின்சாரத்தை நிறுத்துவது சரியான முடிவுதான். இல்லாவிட்டால் ஷாக் அடித்தே பலர் போயிருப்பார்கள். ஆனால் மின்சாரத்தின் பின்னாலேயே சிக்னலும் போகும்.

அன்று ராத்திரி எங்கள் தெருவில் எதிர் வீட்டு அய்யாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. எழுபதைத் தாண்டியவர், ஏற்கெனவே இருதய நோயாளி. பிள்ளை பிரான்சில். வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். தெருவில் மூன்று கம்பெனி சிம்மும் இருந்தது. மூன்றிலும் முயன்றோம், ஒன்றிலும் போகவில்லை. பிறகு இரண்டு பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த காவலர் மைக்கை எடுத்துப் பேசினார். ஒரு வண்டி எதுவரை வர முடியுமோ அதுவரை வந்து நின்றது. அய்யாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வார்டில் காபி கேட்டாராம்.

கதை நன்றாக முடிந்தது. ஆனால் காவல் நிலையத்துக்கு நடக்கலாம் என்ற யோசனை அந்தப் பையன்களுக்கு எப்படி வந்தது தெரியுமா? ஒருவனுடைய அப்பா ஊர்க்காவல் படையில் இருந்தவர். டவர் போனாலும் போலீஸ் வயர்லெஸ் பேசும் என்று வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறான். அவன் அந்தத் தெருவில் இல்லாதிருந்தால், படித்தவர்கள் நாங்கள் இருபது பேரும் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றிருப்போம். ஓர் உயிர் பிழைப்பது அப்படிப்பட்ட அதிர்ஷ்டத்தில் தொங்கக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, சிக்னல் ஏன் போகிறது? டவருக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர். தெருவில் தண்ணீர் நின்றால் டீசல் வண்டி வராது. கீழே இருக்கும் பெட்டிகளில் தண்ணீர் புகுந்தால் மேலே கம்பி நிமிர்ந்து நின்றும் பயனில்லை. மரம் விழுந்து ஃபைபர் கேபிள் அறுந்தால், டவர் உயிரோடு இருந்தும் பேச்சு வெளியே போக வழியில்லை. கடைசியாக, எல்லாரும் ஒரே நேரத்தில் "பத்திரமா இருக்கீங்களா?" என்று கூப்பிடும்போது மிச்சமிருக்கும் வழியும் அடைத்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் நமக்கும் இடையே கரையேறியது. கரண்ட் திரும்ப எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் காலத்து லேண்ட்லைனுக்கு இந்தத் தொல்லை குறைவு. செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும், எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி அறை இருக்கும். வீடு இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் "கொர்ர்" என்று சத்தம் கேட்கும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது செல்போன்கள் ஊமையான பல பகுதிகளில் லேண்ட்லைன் பேசியது. இப்போது அந்தக் கம்பியெல்லாம் போய் ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபரில் மின்சாரம் வராது. வீட்டு மோடம் அணைந்தால் போனும் அணையும். லேண்ட்லைன் இருக்கிறது என்று தைரியமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இது ஏதோ ஏழை நாட்டுப் பிரச்சினை என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நினைக்கவேண்டாம். புயலும் வேண்டாம், மழையும் வேண்டாம், ஒரு மென்பொருள் கோளாறு போதும்.

பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 2021 ஜூன் 2 நினைவிருக்கும். ஆரஞ்சு நிறுவனத்தின் கோளாறால் நாட்டின் பல பகுதிகளில் 15, 17, 18, 112 என்ற அவசர எண்களுக்குப் பல மணி நேரம் அழைப்பு சரியாகப் போகவில்லை. அப்போது மாவட்ட நிர்வாகங்கள் என்ன செய்தன? சாதாரணப் பத்து இலக்கத் தொலைபேசி எண்களை அவசரமாக வெளியிட்டு, "இதில் கூப்பிடுங்கள்" என்றன. குறுகிய எண் செத்தபோது நீண்ட எண் உதவியது.

கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ராஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பே விழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். டொராண்டோவில் இருக்கும் நம் சொந்தங்கள் 911 கூட அழைக்க முடியாமல் தவித்தார்கள். சொந்தக் கம்பெனி செத்தால் அவசர அழைப்பு மட்டும் பக்கத்துக் கம்பெனி டவர் வழியாகப் போகவேண்டும், அதுதான் ஏற்பாடு. அன்று அந்த ஏற்பாடும் பலருக்கு வேலை செய்யவில்லை. காரணம், டவர் உயிரோடு இருந்தது, அதன் பின்னால் இருந்த மூளை செத்திருந்தது. போன் டவரைப் பார்த்து "நம் வீடு இருக்கிறதே" என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8 அன்று ஆப்டஸ் விழுந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் 000 அழைப்பு போய்ச் சேரவில்லை. அதற்காக அந்த நிறுவனம் அபராதம் கட்டியது.

ஆக, பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அங்கே கோளாறுக்குப் பிறகு விசாரணை நடக்கிறது, அபராதம் விழுகிறது, கம்பெனிகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க ஒப்பந்தம் போடுகின்றன. இங்கே தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறோம். நான் சண்டை போடுவது இந்த மறதியோடுதான்.

நமக்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. அரியாங்குப்பம் பக்கம் நல்லவாடு இருக்கிறதே, அந்த ஊரை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26. சுனாமிச் செய்தியை சிங்கப்பூரில் கேட்ட அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்தார். அதே நேரம் கடல் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடலின் நிலவரத்தை மீனவர்களுக்குத் தினமும் சொல்ல அதில் ஒலிபெருக்கி உண்டு. ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அந்த ஒலிபெருக்கியில் "ஓடுங்க" என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்.

இதில் பாடம் என்ன? தொலைபேசி அந்த ஊருக்கு ஓர் அழைப்பைத்தான் கொண்டுவந்தது. அதை ஊர் முழுக்கப் பரப்பியது ஒரு கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர். அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தினமும் பழகிய பொருள்தான் ஆபத்தில் கைக்கு வரும்.

அதே சுனாமியில் அந்தமானிலும் ஒன்று நடந்தது. தொடர்புகள் அறுந்துபோன போர்ட் பிளேரில், டெல்லியிலிருந்து போயிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் குழுவும் ஹாம் ரேடியோ மூலம் வெளி உலகத்தோடு பேசி, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் செய்தி கொண்டுபோனார்கள். டவரை நம்பாத கருவிகள் உலகத்தில் உண்டு. நாம்தான் அவற்றை நினைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் ரோடியர் மில் சங்கு ஊதினால் ஊருக்கே மணி தெரியும். மில்லும் மூடியாயிற்று, சங்கும் நின்றுபோயிற்று. ஆனால் கோயில் மணி இருக்கிறது, சம்பா கோவில் மணி இருக்கிறது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும் ஒரு மைக் செட் ஒவ்வொரு தெருவிலும் தேடினால் கிடைக்கும்.

இனி அரசாங்கத்திடம் நான் கேட்பது. மூன்றே விஷயம்.

ஒன்று, புயல் எச்சரிக்கை வந்த உடனே ஒவ்வொரு வார்டிலும் ஓர் இடத்தை அறிவிக்க வேண்டும். பள்ளிக்கூடமாக இருக்கட்டும், ரேஷன் கடையாக இருக்கட்டும். அங்கே வயர்லெஸ் வைத்த ஒருவர் ராத்திரி முழுக்க இருக்க வேண்டும். "போன் போகாவிட்டால் இங்கே வாருங்கள்" என்று முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும். உதவி எண்ணை அறிவிப்பதுபோல உதவி இடத்தையும் அறிவிக்க வேண்டும்.

இரண்டு, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை ஆகியவற்றின் 0413-இல் தொடங்கும் சாதாரண எண்களை வருடத்துக்கு ஒரு முறை சரிபார்த்து வெளியிட வேண்டும். தூக்கினால் ஆள் எடுக்கும் எண்களாக இருக்க வேண்டும்.

மூன்று, மருத்துவமனைகளையும் தாழ்வான பகுதிகளையும் சுற்றியுள்ள டவர்களுக்குக் கூடுதல் பேட்டரியும் டீசலும் புயலுக்கு முன்பே போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். பேரிடரில் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி டவரைப் பயன்படுத்த விடும் ஏற்பாட்டுக்கு இன்ட்ரா சர்க்கிள் ரோமிங் என்று பெயர். மத்திய தொலைத்தொடர்புத் துறை புயல் காலங்களில் அதைத் திறந்துவிடுகிறது. நம் ஊருக்கு அதைப் புயல் வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவைக்க வேண்டும்.

"டீச்சர், அன்றைக்கு போலீசுக்கு வேறு வேலை இல்லையா?" என்று இத்துறையில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் ஆளைத் தேடவேண்டியது காவல் துறைக்குள் மட்டும் அல்ல என்கிறேன். ஊர்க்காவல் படை இருக்கிறது, என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தார் நம் ஊரில் ஏராளம். வயர்லெஸ்ஸில் பேச ஒரு நாள் பயிற்சி போதும்.

இன்னொருவர் "112 ஆப் இருக்கே டீச்சர்" என்றார். இருக்கிறது, எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆப் ஓடுவதும் அதே டவரில்தான். 2023-இல் எல்லார் போனிலும் அலறலோடு ஒரு சோதனைச் செய்தி வந்ததே, அதற்கும் டவர் உயிரோடு இருக்க வேண்டும்.

இனி நம் பங்கு. போனைப் பார்த்ததும் என்ன செய்வது என்பது, திரையில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது.

திரையில் "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று வந்தால், உங்கள் கம்பெனி டவர் போய்விட்டது, வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 108 வேண்டாம், 112 அழுத்துங்கள். 112-ஐ அவசர எண் என்று எந்த செல்போனும் தானாகவே அறியும். 2017-க்குப் பிறகு இங்கே வந்த ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தினாலும், பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தாலும் அவசர அழைப்பு போகும்படி விதி உண்டு.

கோடு முழுசாக இருந்தும் அழைப்பு போகாவிட்டால், நெரிசல் அல்லது கேபிள் கோளாறு. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் தீரும். சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அதற்கு மிகக் குறைந்த இடம் போதும், வழி திறக்கும்வரை காத்திருந்து போகும். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி போன் இருந்தால் அதிலும் முயலுங்கள்.

"நோ சர்வீஸ்" என்றால் போனை மறந்துவிட்டு நடங்கள். எங்கே நடப்பது என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தத் தெருவில் வாய்க்கால் திறந்திருக்கிறது, எந்த மூலையில் பள்ளம் என்று தெரிந்த இருவர் சேர்ந்து, ஒரு கழியோடு போகவேண்டும். தனியாக யாரும் தண்ணீரில் இறங்கவேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. ஒரே குடும்பத்தில் எல்லாரும் ஒரே கம்பெனி சிம் வைக்காதீர்கள். ஃபைபர் மோடத்தை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டுங்கள். ஒரு தாளில் பக்கத்துக் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனையின் 0413 எண்களை எழுதுங்கள். நோயாளியின் பெயர், வயது, ரத்தப் பிரிவு, சாப்பிடும் மாத்திரைகளை எழுதுங்கள். வீட்டுக்கு வழியையும் எழுதுங்கள்: ரெயின்போ நகர் எத்தனையாவது குறுக்கு, எந்தக் கோயிலுக்கு எதிரில் என்று. பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தூக்கிக்கொண்டு ஓடுபவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. 108, 112 போன்ற குறுகிய எண்கள், நீங்கள் நிற்கும் இடத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். சென்னையிலிருந்து 108 அடித்தால் தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் அறை எடுக்கும். பாரிஸிலிருந்து 112 அடித்தால் பிரெஞ்சுக்காரர் எடுப்பார். அப்பா அம்மாவுக்காக அங்கிருந்து நீங்கள் உதவி கேட்க வேண்டுமானால் +91 413 என்று தொடங்கும் நீண்ட எண்தான் வழி. அதை உங்கள் போனில் இன்றே பதிந்துகொள்ளுங்கள். எதிர் வீட்டுக்காரர் எண்ணையும் சேர்த்தே பதிந்துகொள்ளுங்கள். கோட்டக்குப்பம், கோரிமேடு பக்கம் எல்லையை ஒட்டி வசிப்பவர்களும் முதல் வார்த்தையாக "புதுச்சேரி" அல்லது "தமிழ்நாடு" என்று சொல்லிப் பழகுங்கள்.

சிலருடைய ஐபோனில் செயற்கைக்கோள் மூலம் உதவி கேட்கும் வசதி இருக்கலாம். பிரான்சில் அது வேலை செய்யும், இந்தியாவில் அந்தச் சேவை தரப்படவில்லை. லீவுக்கு வரும்போது அதை நம்பி இருக்காதீர்கள்.

புயல் ராத்திரியில் பத்துப் பேர் பத்து முறை கூப்பிடாதீர்கள். குடும்பத்துக்கு ஒருவரை வையுங்கள். ஊரில் இருப்பவர் அவருக்கு மட்டும் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பட்டும், அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் விடும் ஓர் அழைப்பின் இடத்தில் யாரோ ஒருவருடைய ஆம்புலன்ஸ் அழைப்பு காத்திருக்கிறது.

தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு டயாலிசிஸ், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி என்று ஒரு பத்து வீட்டுக்காவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளியும் கர்ப்பிணியும் புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஜிப்மர் பக்கமோ பெரியாஸ்பத்திரி பக்கமோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். அழைக்காமலே முடியும் உதவிதான் மிகச் சிறந்த அவசர உதவி.

இந்தப் பதிவுக்கு லைக் வேண்டாம். இரண்டு வேலை செய்யுங்கள். அரசுத் துறைகளில் இருக்கும் என் மாணவர்கள், வார்டுக்கு ஒரு வயர்லெஸ் இடம் என்ற யோசனையை உங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோய், அவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள். நடக்காது என்றால் ஏன் நடக்காது என்றும் எழுதுங்கள், பேசுவோம். மற்றவர்கள் இன்று ராத்திரி சாப்பிட்டபின் அந்தத் தாளை எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டி, படம் எடுத்துப் போடுங்கள். எண்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். எத்தனை படம் வருகிறது என்று எண்ணப்போகிறேன். வராதவர்கள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
புதுச்சேரி